முள்ளெலியின் தோல் பூஞ்சை மனிதருக்கு எப்படித் தொற்றுகிறது: ஓர் எளிய விளக்கம்

படர்தாமரைக்கு உடம்புச் சூடுதான் காரணம் என்று சிலரும், ரத்தம் கெட்டுப்போனதால் வந்தது என்று சிலரும், ஒழுங்காகக் குளிக்காதவர்களுக்கே அது வரும் என்று இன்னும் சிலரும் சொல்வதைத் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றாலே கேட்கலாம். வீட்டில் வளர்ப்பு விலங்கு ஏதேனும் இருந்துவிட்டால், ஒன்று பழி முழுவதும் அதன்மேல் விழுகிறது. அல்லது அது துள்ளி விளையாடிக்கொண்டிருப்பதால் அதைச் சந்தேகிக்கவே மறந்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். நாயும் பூனையும் புறாவும் முயலும் வளர்ந்துவந்த சென்னை வீடுகள் சிலவற்றில் இப்போது முள்ளெலியும் சேர்ந்திருக்கிறது. அதன் தோலில் வரும் பூஞ்சை நோய் மனிதருக்குத் தொற்றும் என்பது உண்மை. ஆனால் அது எந்த வழியாகத் தொற்றுகிறது என்று புரிந்துகொண்டவர்களே தங்கள் பிள்ளைகளையும் காக்க முடியும், அந்தச் சிறு உயிரையும் காக்க முடியும்.

வீட்டுக்கு வருவது எந்த முள்ளெலி

முள்ளெலியையும் முள்ளம்பன்றியையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். முள்ளம்பன்றி பெரிய உடலும் நீண்ட முட்களும் கொண்ட கொறிவிலங்கு. அதன் முட்கள் எளிதில் கழன்று வரும். முள்ளெலியோ உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுள்ள பூச்சியுண்ணி. அச்சம் வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அதன் முட்கள் நலமாக இருக்கும்போது அப்படிக் கழலுவதில்லை. உலகெங்கும் செல்லப் பிராணியாக விற்கப்படுவது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட குட்டை முள்ளெலி. தமிழ்நாட்டின் வறண்ட புதர் நிலங்களில் இயற்கையாக வாழ்வது வேறோர் இனம். 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு என்னும் விலங்கியலாளர் முதன்முதலாக விவரித்த அந்த இனத்துக்கு மெட்ராஸ் முள்ளெலி என்றே பெயர் வழங்குகிறது. தென் மாவட்டங்களில் அதன் முட்களைக் கக்குவான் இருமலுக்கு மருந்தாகக் கொடுக்கும் பழக்கம் இருப்பதால், அது ஏற்கெனவே மனிதர் கையில் போதுமான துன்பத்தை அனுபவித்துவருகிறது. காட்டிலிருந்து பிடித்துவந்த முள்ளெலியை யார் விற்க வந்தாலும் வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இனி இந்தக் கட்டுரையில் முள்ளெலி என்பது வீட்டில் வளரும் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலியைக் குறிக்கும்.

மழைக்காலத்துத் தோல்பெல்ட்

பெரியமேட்டுக் கடை ஒன்றில் வாங்கிய தோல்பெல்ட்டை ஐப்பசி மழை தொடங்கிய பின் பீரோவுக்குள் வைத்து மறந்துவிட்டால், சில வாரங்களில் அதன்மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் பெல்ட் புதிதுபோல ஆகிவிடும். ஆனால் அதே பீரோவுக்குள் திரும்ப வைத்தால், கொஞ்ச நாளில் அதே தையல் ஓரங்களில் மறுபடியும் பூக்கும். அந்த பெல்ட் அழுக்காக இருந்ததால் பூஞ்சை வரவில்லை. பூஞ்சையின் வித்துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்றிலும் தூசியிலும் துணியிலும் காத்திருக்கும் அதன் விதை போன்ற துகள்கள், முன்பே அங்கே வந்து அமர்ந்திருந்தன. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்ததும் அவை முளைத்தன. துடைத்தபோது மேலே பூத்திருந்தது மட்டும் போயிற்று. தையலுக்குள் இருந்தவை அப்படியே தங்கிவிட்டன.

படர்தாமரையின் கதையும் பெரும்பாலும் இதுதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. பெல்ட்டில் பூக்கும் பூஞ்சை உயிருள்ள மனிதரின் தோலில் குடியேறுவதில்லை. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள் தனிக் கூட்டம். தோலையும் முடியையும் நகத்தையும் உணவாக்கிக்கொள்ளும் திறமை பெற்றவை. நம் தோலின் மேலடுக்கு இறந்துபோன செல்களால் ஆனது. அந்தச் செல்களில் நிறைந்திருக்கும் கடினமான புரதத்துக்குக் கெரட்டின் என்று பெயர். முடியும் நகமும் முள்ளெலியின் முள்ளும் இதே கெரட்டினால் ஆனவைதான். பெரும்பாலான கிருமிகளால் செரிக்க முடியாத இந்தப் புரதத்தைக் கரைக்கும் நொதிகளை இப்பூஞ்சைகள் சுரக்கின்றன.

இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியும் அன்று. 1841 முதல் சில ஆண்டுகள் பாரிஸில் டேவிட் க்ரூபி என்னும் மருத்துவர் தலைத்தோல் நோய்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, அவற்றுக்குப் பூஞ்சையே காரணம் என்று காட்டினார். ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் காக் 1876-இல் நிறுவியதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னரே இது தெரிந்துவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும் நாம் உடம்புச் சூட்டையும் கெட்ட ரத்தத்தையும் குறைசொல்லிக்கொண்டிருப்பது வருத்தத்துக்குரியது. ஏனென்றால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொள்பவர் மருந்தையும் தவறாகவே தேடுவார்.

சுருக்கமாக, படர்தாமரை என்பது ரத்தத்தின் நோய் அன்று. தோலின் இறந்த மேலடுக்கைத் தின்று வாழும் பூஞ்சையின் வேலை. அது வித்துகளால் பரவுகிறது. அழுக்கைவிட ஈரமும் நெருக்கமான தொடர்புமே அதற்குத் துணை.

வட்டம் எப்படி உண்டாகிறது

ஒரு வித்து தோலில் விழுந்து, அங்கே ஈரமோ நுண்ணிய கீறலோ இருந்தால், சில மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டு முளைவிடுகிறது. முளைத்தது நூல்போல நீண்டு கிளைவிடும். இந்த நூலைப் பூஞ்சை இழை என்பர். இழைகள் புறப்பட்ட இடத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வெளிநோக்கி வளர்கின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை எதிர்த்துப் போராடத் தொடங்கியதும், முதலில் தாக்கப்பட்ட நடுப்பகுதி ஆறத் தொடங்குகிறது. ஓரத்தில் மட்டும் சிவப்பும் செதிலும் அரிப்பும் நீடிக்கின்றன. வளையம்போன்ற தோற்றம் இப்படித்தான் வருகிறது. ஆகையால் நடுவில் வெளுத்ததைப் பார்த்து நோய் தீர்ந்துவிட்டதென்று நினைப்பது தவறு. உயிருள்ள பூஞ்சை ஓரத்தில்தான் இருக்கிறது; மருத்துவர் ஆய்வுக்குச் சுரண்டி எடுப்பதும் அந்த ஓரத்திலிருந்துதான்.

உடலின் உட்பகுதிக்குள் இப்பூஞ்சை பொதுவாகப் போவதில்லை. உயிருள்ள திசுவும் உடலின் உள்வெப்பமும் அதற்கு உகந்தவை அல்ல. இதனால்தான் படர்தாமரை தொல்லை தருகிறதே தவிர, நலமான ஒருவரின் உயிருக்கு ஆபத்தாவதில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நிலை வேறு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முள்ளெலியின் உடலில் நடப்பது

முள்ளெலிகளுக்கென்றே பழகிப்போன ஒரு பூஞ்சை உண்டு. அதன் பெயர் ட்ரைகோஃபைட்டான் எரினேசி. நியூசிலாந்தில் வாழும் ஐரோப்பிய முள்ளெலிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1960-களில் அது விவரிக்கப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலிகள் செல்லப் பிராணிகளாக நாடு நாடாகச் சென்றபோது இந்தப் பூஞ்சையும் உடன்சென்றது. ஜப்பான், தைவான், கொரியா, தாய்லாந்து ஆகிய ஆசிய நாடுகளிலிருந்தும் மனிதருக்கு அது தொற்றிய செய்திகள் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன.

நோய் வெளிப்பட்ட முள்ளெலிக்கு முகத்திலும் காது ஓரங்களிலும் செதிலும் பொருக்கும் கட்டும், காதின் விளிம்பு கிழிந்ததுபோல ஆகும், முட்கள் உதிரும், உதிர்ந்த முள்ளின் அடியில் பொருக்கு ஒட்டியிருக்கும். ஆனால் முட்கள் உதிர்வதெல்லாம் பூஞ்சை என்று முடிவுகட்டக் கூடாது. குட்டி முள்ளெலி வளரும்போது குழந்தையின் பால்பல் விழுவதைப் போலப் பழைய முட்கள் விழுந்து புதியவை முளைக்கும். மைட் என்னும் மிகச்சிறிய ஒட்டுண்ணி உண்டாக்கும் சொறியிலும் முட்கள் உதிரும். தெருநாய்களிடம் நாம் காணும் சொறியும் ஒருவகை மைட்டால் வருவதே. மைட்டும் பூஞ்சையும் ஒரே முள்ளெலியின்மேல் சேர்ந்திருப்பதும் உண்டு. அரிப்பெடுத்துச் சொறிந்துகொள்ளும் விலங்கின் தோல் புண்ணாகி, பூஞ்சைக்கு வழி திறந்துவிடுகிறது.

பலரும் அறியாத முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. எந்த அறிகுறியும் இல்லாமல், நன்றாக உண்டு உறங்கி ஓடிக்கொண்டிருக்கும் முள்ளெலியின் முட்களிலும் இந்தப் பூஞ்சை தங்கியிருக்கலாம். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து பழகிய விலங்கின் உடல் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மனிதரின் உடலுக்கோ அது அறிமுகமில்லாத அந்நியன். ஆகையால் நம் எதிர்ப்பாற்றல் பலமாகச் சீறி எழுகிறது. வீக்கமும் கொப்புளமும் சீழும் கடுமையான அரிப்பும் உண்டாகின்றன. மனிதரோடு பழகிய பூஞ்சைகள் மெதுவாகவும் நெடுங்காலமும் தொல்லை தருபவை. விலங்கிடமிருந்து வருபவை பெரும்பாலும் விரைவாகவும் கடுமையாகவும் வெளிப்படுபவை.

முள்ளும் கையும்

முள்ளெலியைக் கையில் எடுக்கும்போது அதன் முட்கள் விரல்களிலும் உள்ளங்கையிலும் நுண்ணிய துளைகளை இடுகின்றன. ரத்தம் வராததால் நாம் அவற்றைக் கவனிப்பதில்லை. முள்ளின் மேலிருக்கும் வித்து நேராக அந்தத் துளைக்குள் இறங்கிவிடுகிறது. பூனையிடமிருந்து படர்தாமரை தொற்ற, அதன் முடியை நாம் தடவினாலே போதும். முள்ளெலியிடமோ தடவலுடன் குத்தலும் சேர்ந்துகொள்கிறது. இதனால் விரல், உள்ளங்கை, மணிக்கட்டு, முன்கை ஆகிய இடங்களிலேயே நோய் முதலில் தோன்றுவது வழக்கம். முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும் குழந்தைகளுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் தோன்றலாம்.

முள் குத்திய சில நிமிடங்களில் தோல் தடித்துச் சிவந்து, சில மணி நேரத்தில் தானே மறைந்துவிட்டால், அது ஒவ்வாமைத் தடிப்பு. அது பூஞ்சை ஆகாது. பூஞ்சை முளைத்துப் பரவி வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். முள்ளில் விஷம் இருப்பதாகச் சிலர் அஞ்சுவதும் உண்மையன்று.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: நலமாகத் தோன்றும் முள்ளெலியும் பூஞ்சையைத் தாங்கியிருக்கலாம், முள் இடும் நுண்துளைதான் அது உள்ளே நுழையும் வாசல், கையில் நாள் கழித்துத் தோன்றி நாளுக்கு நாள் பெரிதாகும் அரிப்புப் புண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியும் விலங்குக்கா

இங்கேதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி வருகிறது. இன்று சென்னையில் நாம் காணும் படர்தாமரைகளில் பெரும்பகுதி விலங்கிடமிருந்து வந்தது அன்று. மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுவதும் எளிதில் குணமாகாத ஒருவகைப் படர்தாமரை பரவியிருக்கிறது. அதை உண்டாக்கும் பூஞ்சைக்கு 2020-இல் ட்ரைகோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாஃபின் என்பது பூஞ்சைக்கு எதிரான, பரவலாகப் பயன்படும் மருந்து. பூஞ்சை தன் செல்சுவரை ஒட்டிய சவ்வைக் கட்டுவதற்குத் தேவையான ஒரு நொதியை முடக்கி அதைக் கொல்வது இம்மருந்தின் வேலை. இந்தப் புதிய இனத்தின் பல வகைகளில் அந்த நொதியே உருமாறிவிட்டதால் மருந்து அதைப் பிடிக்க முடிவதில்லை.

ஒரே அறையில் ஐந்து பேர் வரிசையாகப் படுத்துறங்கும் வீட்டில், ஒரு துண்டை மூன்று பேர் துடைத்துக்கொள்ளும் வீட்டில், மழைக்காலத்தில் உள்ளேயே கொடி கட்டிக் காய்ந்தும் காயாமலும் துணி உடுத்த வேண்டிய வீட்டில், இந்தப் பூஞ்சை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவதற்கு முள்ளெலி தேவையே இல்லை. கடலோரத்து ஈரக்காற்றும், நாள் முழுவதும் வியர்வையில் நனைந்த உடையோடு செய்யும் வேலையும் அதற்கு இன்னும் சாதகம். இதில் அந்தக் குடும்பத்தின் குற்றம் எதுவுமில்லை. இட நெருக்கடிதான் காரணம். நோய் தொடைமடிப்பிலும் இடுப்பிலும் பிட்டத்திலும் தோன்றியிருந்தால் மனிதவழித் தொற்றையும், விலங்கைத் தூக்கும் கையில் தோன்றியிருந்தால் விலங்குவழித் தொற்றையும் முதலில் எண்ணிப்பார்க்கலாம். இது ஒரு குறிப்பு மட்டுமே. ஆய்வுதான் உறுதி சொல்லும்.

நோயை இவ்வளவு பிடிவாதமாக்கியதில் மருந்துக் கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் கலப்பு ஆயின்மெண்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றில் பூஞ்சைக்கு எதிரான மருந்து ஒன்று, பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து ஒன்று, வலிமையான ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்றும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு என்பது அழற்சியை, அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் போராடும்போது தோன்றும் சிவப்பு, வீக்கம், அரிப்பு ஆகியவற்றை, அடக்கும் மருந்து. தடவிய இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுவதால் மருந்து நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். உண்மையில் அடங்கியது பூஞ்சையன்று, அதை எதிர்த்த நம் உடல். காவல் விலகிய இடத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவுகிறது. வளைய வடிவம் கலைந்துபோய், மருத்துவரே அடையாளம் காணத் திணறும்படி ஆகிறது. தோல் மெலிந்து வரிகள் விழுகின்றன. 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, ஆனால் பழைய குழாயை நீட்டி அதையே கேட்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. முள்ளெலியிடமிருந்து வந்த பூஞ்சையாக இருந்தாலும் இதே தீங்குதான் நடக்கும். கடுமையான அழற்சியைக் கண்டு அஞ்சி ஸ்டீராய்டைத் தடவத் தூண்டுவது இந்த நோயே என்பதால் இங்கே ஆபத்து இன்னும் கூடுதல்.

ஆய்வும் சிகிச்சையும்

மனிதருக்கான ஆய்வு எளிது. புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தோல் செல்கள் கரைந்து, பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். எந்தப் பூஞ்சை என்று அறிய, அதைக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். பாரிஸ் மருத்துவர் சபூரோவின் பெயர்கொண்ட ஊட்டக்கூழே இன்றும் அதற்குப் பயன்படுகிறது. வளர்ந்துவர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்வோர், வீட்டில் என்னென்ன விலங்குகள் இருக்கின்றன என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும். முள்ளெலி இருப்பதை யாரும் தாமாக ஊகிக்கப் போவதில்லை. இதற்கு முன் தடவிய ஆயின்மெண்டின் குழாயையும் எடுத்துச் செல்வது நல்லது.

சிறிய புண்ணுக்குப் பூச்சு மருந்தே போதுமானதாக இருக்கும். பரவியதற்கும் தலைமுடிக்குள் வந்ததற்கும் மாத்திரை தேவைப்படும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பார்வைக்கு ஆறிவிட்ட பிறகும் மருத்துவர் சொன்ன காலம் வரை மருந்தைத் தொடர வேண்டும். தோல்பெல்ட்டின் தையலுக்குள் தங்கியதைப் போலவே தோலின் மடிப்பிலும் முடியின் வேரிலும் இழைகள் தங்கியிருக்கும். சீமை அகத்தி இலையைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவது நம்மிடம் நெடுநாளைய வழக்கம். சித்த மருத்துவத்தில் அதன் களிம்பும் உண்டு. விரும்புவோர் சித்த மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் ஆய்வுக்குச் செல்லும் முன் எதையும் பூசாமல் செல்வது முடிவைத் தெளிவாக்கும். மண்ணெண்ணெயும் வண்டி ஆயிலும் மனிதருக்கும் கூடாது, விலங்குக்கும் கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள், முதியவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்குப் பூஞ்சை ஆழமாகவும் பரவலாகவும் தாக்கலாம். அத்தகையோர் இருக்கும் வீட்டில் முள்ளெலியை வாங்குவதற்கு முன்பே இதை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முள்ளெலியை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, அயல் விலங்குகளைப் பார்க்கும் பயிற்சியுள்ள வேறொரு கால்நடை மருத்துவரிடமோ காட்டலாம். 1903-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி வடசென்னை மக்களுக்கு அருகிலேயே இருப்பது பெரிய வசதி. சுருண்டுகொள்ளும் விலங்கு என்பதால், தோலைச் சரியாகப் பார்க்க மருத்துவர் சில சமயம் லேசான மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். பூனைகளுக்கு வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சை புறஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். முள்ளெலியின் பூஞ்சை அப்படி ஒளிர்வதில்லை. ஆகையால் விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று கொள்ளக் கூடாது. பிடுங்கிய முட்களையும் செதிலையும் வளர்த்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். நமக்குத் தந்த ஆயின்மெண்டை அதன்மேல் தடவுவது தவறு. தன் உடலை நக்கிக்கொள்ளும் பழக்கமுள்ள விலங்கின் வயிற்றுக்குள் அது போய்விடும். உடல் எடைக்கேற்ப மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவர்தான் கணிக்க முடியும்.

வீட்டையும் சேர்த்துக் குணப்படுத்துதல்

விலங்குக்கும் மனிதருக்கும் மருந்து கொடுத்து வீட்டை விட்டுவிட்டால் நோய் திரும்பும். உதிர்ந்த முள்ளிலும் முடியிலும் செதிலிலும் ஒட்டிய வித்துகள் பல மாதங்கள் உயிரோடு இருக்கக் கூடியவை. கூண்டுக்குள் பரப்பிய மரத்தூளையும் காகிதத்தையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கூண்டை முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தூசியும் முடியும் இருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியும் உள்ளே இறங்காது என்பதால் இந்தத் தேய்ப்புதான் பாதி வேலை. பிறகு, பத்தில் ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சிங் திரவமும் மீதி நீருமாகக் கலந்த கரைசலால் நனைத்துப் பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசி, வெயிலில் உலர்த்தி, வாடை போன பின்னரே விலங்கைத் திரும்ப விட வேண்டும். பிளீச்சிங்கோடு ஆசிட்டையோ பினாயிலையோ சேர்க்கவே கூடாது; ஆசிட் சேர்ந்தால் எழும் நச்சுவாயு நுரையீரலைப் புண்ணாக்கும். துணிகளைத் தனியாக, நிறையத் தண்ணீரில் இருமுறை துவைத்து, மாடியில் முழுமையாகக் காயவிட வேண்டும்.

சிகிச்சை முடியும்வரை கையுறை அணிந்தே முள்ளெலியைத் தூக்க வேண்டும். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். முள்ளெலிகள் சால்மொனெல்லா என்னும் வயிற்றுப்போக்குக் கிருமியையும் சுமக்கக் கூடியவை என்பதால், சமையலறைத் தொட்டியில் கூண்டைக் கழுவுவதும் அதற்கு முத்தம் கொடுப்பதும் எப்போதுமே கூடாது. வீட்டில் வேறு விலங்குகள் இருந்தால் அவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோய் என்று தெரிந்ததும் சிலர் முள்ளெலியைக் காலி மனையிலோ புதரிலோ விட்டுவிட எண்ணுகிறார்கள். பசியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அயல் மண்ணைச் சேர்ந்த விலங்கையும் அதன் பூஞ்சையையும் வெளியே விடுவது நம் மெட்ராஸ் முள்ளெலிக்கும் கேடாக முடியலாம். இந்த நோய் குணமாகக் கூடியது. சில வாரங்கள் மருந்து கொடுத்த பிறகு மருத்துவர் மீண்டும் முட்களை எடுத்து வளர்த்துப் பார்ப்பார். பூஞ்சை முளைக்கவில்லை என்ற முடிவு வந்த பின்னரே பிள்ளைகள் அதைக் கையில் எடுக்கலாம்.